அரிய பறவையைப் பதிய ஈபேர்ட் போதுமா? களத்தில் பயன்படுத்துவோருக்கான மதிப்பீடு

கோடியக்கரைச் சேற்றுவெளியில் வழி தவறி வந்த ஒரு கடற்காகம் நிற்கிறது. பத்து நாள் தங்கும், பிறகு போய்விடும். அதே வாரம், ஏதோ ஓர் ஊரின் கைவிடப்பட்ட கல்குவாரியில் கொம்பன் ஆந்தை ஒன்று பாறைத் திட்டில் முட்டைகளோடு உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுச் செயலியில் பதிகிறீர்கள். கடற்காகத்தின் பெயருக்குப் பக்கத்தில் அரிது என்ற சிவப்புக் குறி வருகிறது, விளக்கம் கேட்கிறது, மாநிலம் முழுக்க மின்னஞ்சல் எச்சரிக்கை போகிறது. கொம்பன் ஆந்தை பல மாவட்டங்களில் வழக்கமாகப் பதிவாகும் பறவை என்பதால் எந்தக் கேள்வியும் இல்லாமல் உள்ளே போய்விடுகிறது, குவாரியின் துல்லியமான புள்ளியோடு.

ஊரே திரண்டு போய்ப் பார்த்தாலும் அந்தக் கடற்காகத்துக்குப் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. ஆந்தைக் கூட்டுக்கு நான்கு பேர் போனாலே முட்டை போய்விடும். இந்தச் செயலி எது அரிது என்று நன்றாக அறியும். எதற்கு ஆபத்து என்பதைப் பாதிதான் அறியும். மீதிப் பாதியைப் பதிபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு எந்த வசதியை எங்கே பயன்படுத்துவது, எங்கெல்லாம் சறுக்கும் என்பதைப் பார்ப்போம்.

முதலில் செயலியின் தகுதியைச் சொல்லிவிட வேண்டும். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபான் சங்கமும் 2002-இல் தொடங்கியது ஈபேர்ட். இந்தியாவுக்கான தளம் 2014-இல் வந்தது. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை. போகும் ஊருக்கான பறவைப் பட்டியலை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொண்டால் வால்பாறையிலோ முதுமலையிலோ சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். பொங்கலை ஒட்டி ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு முழுவதும் இதில்தான் பதிவாகிறது. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 பேர் இதில் பதிந்த 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை மதிப்பிட்டது. நீங்கள் ஏரிக்கரையில் கால்மணி நேரம் நின்று போடும் பட்டியலும் அந்தக் கணக்கில் சேரும். அரிய பறவையை வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டுவிட்டு விடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். அந்தச் செய்தி இரண்டு நாளில் மேலே போய்விடும். பத்து வருடம் கழித்து யாரும் அதைத் தேடி எடுக்க முடியாது.

அரிய பறவையைப் பார்த்தவுடன் பட்டியலை எப்படிப் போடுவது? நடந்துகொண்டே போட்ட 5 கிலோமீட்டர் பட்டியலுக்குள் அதைச் செருகாதீர்கள். அப்படிச் செய்தால் வரைபடத்தில் அந்தப் பறவை நீங்கள் நடக்கத் தொடங்கிய இடத்திலோ, நீங்கள் தேர்ந்தெடுத்த ஏதோ ஒரு பொது இடத்திலோ போய் நிற்கும். தேடி வருபவர்கள் தவறான வரப்பில் சுற்றுவார்கள், வயல்காரர் கோபப்படுவார். நடைப் பட்டியலை அங்கேயே முடித்துவிட்டு, நின்ற இடத்தில் புதிய பட்டியல் ஒன்றைத் தொடங்குங்கள். 30 மீட்டருக்குள்ளேயே நின்று பார்த்தால் அது ஒரே இடத்துப் பட்டியல். கால்மணி நேரமாவது அங்கே நின்று, சுற்றியுள்ள மற்றப் பறவைகளையும் எண்ணிப் போடுங்கள். 'அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா' என்று கடைசியில் கேட்கும்போது அப்போதுதான் நேர்மையாக ஆம் சொல்ல முடியும். எண்ணிக்கை இடத்தில் எக்ஸ் போட்டு நழுவ வேண்டாம். ஒன்று என்றால் ஒன்று, சுமார் 40 என்றால் 40.

அடுத்தது விளக்கம். செயலியின் பலமும் பயனர்களின் சோம்பலும் மோதுகிற இடம் இதுதான். ஒவ்வொரு மாவட்டத்துக்கும், ஒவ்வொரு மாதத்துக்கும் எந்தப் பறவை எத்தனை வரை வரலாம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் பதிவு சரிபார்ப்பவரிடம் போகும். அவர் சம்பளம் வாங்காத தன்னார்வலர். அவர் உறுதி செய்யும் வரை அந்தப் பறவை பொது வரைபடத்தில் வராது. அவருக்கு நீங்கள் எழுதுவது 'நன்றாகப் பார்த்தேன்', 'நிச்சயம் இதுதான்' என்றிருந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்குத் தேவை, நீங்கள் எதைப் பார்த்தீர்கள், அதேபோல் இருக்கும் வேறு பறவை ஏன் இல்லை என்பது.

பழவேற்காட்டில் பெரும் பூநாரைக் கூட்டத்தில் ஒரு சிறு பூநாரை இருப்பதாகப் பதிகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எழுத வேண்டியது இப்படி: 'மாலை 5 மணி, சூரியன் முதுகுக்குப் பின்னால், சுமார் 150 மீட்டர், டெலிஸ்கோப் வழியாக 10 நிமிடம். பக்கத்தில் நின்ற பெரும் பூநாரையின் தோளுக்குக் கீழேதான் இதன் முதுகு. அலகு அடி முதல் நுனி வரை கருஞ்சிவப்பு. பெரும் பூநாரைக்கு உள்ளதுபோல் வெளிர் ரோஜா நிறமும் கறுப்பு நுனியும் தனித்தனியாகத் தெரியவில்லை. இறகு சாம்பல் நிறமில்லை, ஆகவே பெரும் பூநாரையின் இளம்பறவை இல்லை.' ஐந்து வரிதான். சூரியன் எங்கே இருந்தது என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. எதிர்வெயிலில் எல்லாப் பூநாரைகளின் அலகும் கறுப்பாகத்தான் தெரியும். சிறு பூநாரை என்று வரும் தவறான பதிவுகள் அங்கிருந்துதான் பிறக்கின்றன.

கோடியக்கரையில் கரண்டிமூக்கு உள்ளான் பார்த்ததாக நினைப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. கொசு உள்ளானின் அலகு நுனியில் சேறு ஒட்டியிருந்தால் தூரத்தில் அது கரண்டிபோலவே தெரியும். உண்மையான கரண்டிமூக்கைப் பக்கவாட்டில் பார்த்தாலோ அலகு சாதாரணமாகத் தெரியும். பறவை நேராக உங்களை நோக்கித் திரும்பும் வரை காத்திருங்கள். அது அலகைத் தண்ணீரில் கழுவிய பிறகும் ஒருமுறை பாருங்கள். உலகில் சில நூறு மட்டுமே மிஞ்சியிருக்கும் பறவை அது. அந்தப் பதிவு சரியாக இருந்தால் அதன் மதிப்பு மிகப் பெரிது, தவறாக இருந்தால் அதை நீக்க எடுக்கும் உழைப்பும் பெரிது.

பறவைக் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியின் ஒலி அடையாளத்தை மட்டும் நம்பி அரிய பறவையைப் பதிவது இப்போது பெருகிவிட்டது. துடுப்புவால் கரிச்சான் ஒரே மூச்சில் நாலைந்து பறவைகளின் குரலை எடுப்பது மலைக்காட்டில் நடந்த எல்லோருக்கும் தெரியும். மெர்லின் அந்த நாலைந்தையும் திரையில் வரிசையாகக் காட்டும். அது சொன்ன பெயரை ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டு பறவையைத் தேடிக் கண்ணால் பாருங்கள். பார்க்க முடியாவிட்டால் ஒலிப்பதிவைச் சேமித்து ஈபேர்ட் பட்டியலோடு ஏற்றுங்கள்; சரிபார்ப்பவர் கேட்டு முடிவு செய்யட்டும். அவர் அனுப்பும் மின்னஞ்சல் பல நேரம் ஸ்பாம் பெட்டியில் போய்க் கிடக்கிறது. அரிய பறவை பதிந்த வாரத்தில் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

இதுவரை சொன்னதில் ஈபேர்டுக்கு 5-க்கு 5 கொடுக்கலாம். இனி மறைப்பு. இங்கே 3-க்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை.

வேட்டைக்கும் கடத்தலுக்கும் கூட்டத் தொந்தரவுக்கும் ஆளாகும் சில இனங்களை ஈபேர்ட் தானாகவே மறைக்கிறது. அவற்றைப் பதிந்தால் உங்களுக்கும் உங்களோடு பட்டியலைப் பகிர்ந்துகொண்டவர்களுக்கும் மட்டுமே பறவை தெரியும். மற்றவர்களுக்கு வரைபடத்தில் 20 கிலோமீட்டருக்கு 20 கிலோமீட்டர் சதுரம் ஒன்றுதான் தெரியும். எச்சரிக்கை மின்னஞ்சலிலும் வராது. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அது இனத்தை வைத்துச் செய்யும் மறைப்பு. கூட்டில் இருக்கிறதா, பகலில் அடைந்திருக்கிறதா என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை. அந்த மறைப்புப் பட்டியலில் இல்லாத இனத்தின் கூடு வெட்டவெளிச்சமாகத்தான் இருக்கும்.

அந்தக் குவாரி ஆந்தைக்குத் திரும்புவோம். கொம்பன் ஆந்தை குச்சி அடுக்கிக் கூடு கட்டாது. பாறை இடுக்கிலோ மண்திட்டிலோ வெறும் தரையில் முட்டையிடும். ஆள் நெருங்கினால் தாய் பறந்துவிடும். வெயில் ஏறிய பாறையில் முட்டை எவ்வளவு நேரம் தாங்கும்? அதற்குள் காக்கை வந்துவிடும். குஞ்சுகள் பறக்கக் கற்கும் முன்பே நடந்து கூட்டை விட்டு வெளியேறும். அந்த நாட்களில் காமிராவோடு வருபவர்கள் அவற்றை விளிம்பு வரை விரட்டிவிடுவார்கள். இதோடு ஆந்தைக்கு மாந்திரீகச் சந்தை வேறு இருக்கிறது. தீபாவளியை ஒட்டி ஆந்தைக் கடத்தல் கூடுவது வனத்துறையும் காட்டுயிர்க் கடத்தலைக் கண்காணிப்போரும் அறிந்தது. 1972-ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதை 'வேட்டையாடுதல்' என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. கூட்டுப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இப்படிப்பட்ட கூட்டை ஈபேர்டில் பதிய வழி இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட பறவையை மட்டும் மறைக்கும் வசதி ஈபேர்டில் இல்லை, முழுப் பட்டியலைத்தான் மறைக்க முடியும். ஆகவே பட்டியலைப் பிரியுங்கள். கூடு இருக்கும் இடத்துக்கு வரும் முன் ஒரு பட்டியலை முடித்துவிடுங்கள். கூட்டருகே ஐந்து நிமிடத்துக்கு ஒரு தனிப் பட்டியல் போடுங்கள். அங்கிருந்து தள்ளி வந்தபின் மூன்றாவது பட்டியல். முதலும் மூன்றாவதும் வழக்கம்போல முழுமையான பட்டியல்களாகப் போகட்டும். நடுவில் உள்ளதைச் சமர்ப்பிக்காமல் போனிலேயே வைத்திருங்கள். குஞ்சுகள் பறந்துபோய் இடம் காலியான பிறகு சமர்ப்பியுங்கள். எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டு ஆந்தையை மட்டும் விட்டுவிட்டு 'முழுமையானது' என்று குறிப்பது தவறு. ஆந்தை அங்கே இல்லை என்று அந்தப் பட்டியல் பொய் சொல்லும்.

இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. சமர்ப்பிக்காத பட்டியல் உங்கள் போனில் மட்டும்தான் இருக்கிறது. போனை மாற்றினாலோ செயலியை நீக்கினாலோ போயே போய்விடும். ஆகவே தேதி, நேரம், எண்ணிக்கையை நோட்டில் எழுதி வையுங்கள். இரண்டாவது, உடனே சமர்ப்பித்துவிட்டுப் பிறகு இணையதளத்தில் போய்ப் பட்டியலை மறைக்கலாம் என்று நினைப்பது. மறைக்கும் வசதி இருக்கிறது, சமர்ப்பித்த பட்டியலைத் திறந்தால் அதற்கான கருவி கிடைக்கும். ஆனால் அரிய பறவை எச்சரிக்கையை மணிக்கொரு முறை வாங்குபவர்கள் இருக்கிறார்கள். சமர்ப்பித்ததற்கும் மறைத்ததற்கும் இடையில் மின்னஞ்சல் போய்விட்டால் திரும்ப எடுக்க முடியாது. கூடு, பகல் அடைவிடம் இரண்டுக்கும் தாமதம்தான் சரியான பூட்டு. மறைப்பு அதற்கு மேல் போடும் இரண்டாவது பூட்டு.

பூட்டிய வீட்டின் சாவியைத் திண்ணையில் வைப்பதுபோல் சிலர் செய்வது ஒன்று உண்டு. இடத்தின் பெயரை நீங்களே வைக்கலாம் என்பதால் 'கொம்பன் ஆந்தைக் கூடு, பழைய குவாரி' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அடுத்த மாதம் அதே இடத்திலிருந்து மைனாவும் தவிட்டுக் குருவியும் கொண்ட சாதாரணப் பட்டியல் ஒன்றைப் போட்டாலும் அந்தப் பெயர் உலகத்துக்கே தெரியும். பட்டியலின் பொதுக் குறிப்பும், ஒவ்வொரு பறவைக்கும் கீழே எழுதும் குறிப்பும் எல்லோருக்கும் தெரியும்படிதான் இருக்கின்றன. 'பாலத்திலிருந்து இரண்டாவது நீர்மருதில் கூடு' என்று அங்கே எழுதக் கூடாது. இனப்பெருக்கக் குறியீடுகள் ஆய்வுக்கு அருமையானவை, ஆனால் முட்டையுள்ள கூடு என்ற குறியீடும் துல்லியமான புள்ளியும் சேர்ந்தால் அதுவே வரைபடம். வீட்டு மாடியிலிருந்து பதிபவர்கள் தெருப் பெயரும் கதவு எண்ணும் போட்டு இடத்துக்குப் பெயர் வைப்பதும் இதே ரகம். ஊர்ப் பெயர் போதும்.

மோயார் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறுகள் (பிணந்தின்னிக் கழுகுகள்) ஆற்றோர நீர்மருது மரங்களில்தான் கூடு கட்டுகின்றன. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால் நாடு முழுக்க ஏறக்குறைய அழிந்துபோன பறவை. 2006-இல் அந்த மருந்து கால்நடைக்குத் தடை செய்யப்பட்ட பிறகும் தென்னிந்தியாவில் மிஞ்சிய கூடுகளில் பெரும்பங்கு அங்கேதான். பறக்கும் பாறுகளைச் சாலையிலிருந்து பார்த்தால் தாராளமாகப் பதியலாம். அதன் எண்ணிக்கை ஒவ்வொன்றும் தேவை. கூட்டு மரத்தைக் கண்டால் அதைச் சொல்ல வேண்டிய இடம் வனத்துறை அலுவலகம்.

எல்லா உயிரினங்களையும் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் இந்த விஷயத்தில் ஒரு படி மேலே. அங்கே ஒவ்வொரு பதிவுக்கும் தனியாகத் திறந்தது, மங்கலானது, மறைத்தது என்று மூன்று நிலைகள் உண்டு. மங்கலானது என்று தேர்ந்தால் அகலாங்கிலும் நெட்டாங்கிலும் 0.2 பாகை அளவுள்ள சதுரத்துக்குள், அதாவது நம் பக்கம் ஏறக்குறைய 22 கிலோமீட்டர் சதுரத்துக்குள், எங்கோ ஓரிடத்தைக் காட்டும். தேதியில் மாதம் மட்டுமே தெரியும். ஒற்றைப் பறவையின் படத்துக்கு அது நல்லது. ஆனால் எத்தனை பறவை, எவ்வளவு நேரம், வேறென்ன இருந்தது என்ற கணக்குக்கு ஈபேர்டுக்கு ஈடு இல்லை. ஈபேர்ட் இந்த மூன்று நிலைகளைக் கடன் வாங்கிக்கொண்டால் மேலே குறைத்த மதிப்பெண்ணை மகிழ்ச்சியோடு திருப்பிக் கொடுக்கலாம்.

இவ்வளவு கவனமாகச் செயலியில் பதிந்துவிட்டு, வாட்ஸ்அப் குழுவில் லொக்கேஷனை அனுப்பினால் எல்லாம் வீண். ஒரு குழுவில் 1024 பேர் வரை இருக்கலாம். நீங்கள் பிறகு எல்லோருக்குமாக அழித்தாலும், அதற்குள் வேறு குழுவுக்கு அனுப்பப்பட்ட நகல் அழியாது. படத்தை டாக்குமெண்டாக அனுப்பினால் ஜிபிஎஸ் புள்ளி கோப்புக்குள்ளேயே கூடப் போகும். சாதாரணப் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும், ஆனால் தரம் குறையும். டாக்குமெண்டாகவே அனுப்ப வேண்டுமென்றால் காமிராவில் இடக்குறிப்பை அணைத்துவிட்டு எடுங்கள். படத்தின் பின்னணியையும் பாருங்கள். கோபுரம், மின்கோபுரத்தின் எண் பலகை, ஊர்ப் பெயர் எழுதிய சுவர் எதுவும் தெரியக் கூடாது. கூட்டுப் படமே போடாமல் இருப்பது இன்னும் நல்லது. அதற்குக் கிடைக்கும் பாராட்டைப் பார்த்து அடுத்தவர் ஒரு கூட்டைத் தேடிப் போவார்.

கடற்காகம், ஆலா, வாத்து, கரைப்பறவை போன்ற வழி தவறி வந்த பறவைகள் பொது இடத்தில் நிற்கும்போது உடனே சொல்லுங்கள். தாமதித்தால் மற்றவர்கள் பார்த்து உறுதிசெய்யும் வாய்ப்பு போய்விடும், உங்கள் பதிவும் ஒற்றைச் சாட்சியாக நின்றுவிடும். சொல்லும்போது பறவையின் இடத்தோடு நிற்க வேண்டிய இடத்தையும் சொல்லுங்கள்: எந்தக் கரையிலிருந்து பார்க்க வேண்டும், எந்த நேரத்தில் வெயில் பின்னால் இருக்கும், வண்டியை எங்கே நிறுத்துவது, எந்த வரப்பில் ஏறக் கூடாது. உப்பளமோ வயலோ தனியாருடையது என்றால் உரிமையாளரிடம் பேசி அவர் சம்மதித்த பிறகே செய்தி வெளியே போக வேண்டும். கரைப்பறவைகள் கடல்நீர் ஏறும்போது ஒதுங்கும் திட்டுக்கு அருகில் யாரும் போகாதபடி தூரத்தையும் குறிப்பிடுங்கள். அந்த ஓய்வு நேரத்தில் திரும்பத் திரும்ப எழுப்பினால் பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பைப் பறந்தே செலவழித்துவிடும்.

காலில் வளையமோ வண்ணக் கொடியோ இருந்தால் எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக நிறங்களின் வரிசை, அதில் எழுத்தோ எண்ணோ உண்டா என்று பார்த்து எழுதுங்கள். இந்தியாவில் போடப்பட்ட வளையம் பெரும்பாலும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினுடையது. அவர்களுக்கு எழுதினால் எங்கே, எப்போது போட்டது என்று சொல்வார்கள்.

ஏற்கெனவே தவறிப் பதிந்துவிட்டீர்கள் என்றால் இந்த வரிசையில் சரிசெய்யுங்கள். முதலில் இணையதளத்தில் அந்தப் பட்டியலைத் திறந்து மறையுங்கள். பிறகு உங்கள் இடங்கள் பக்கத்தில் போய்ப் பெயரை மாற்றுங்கள். ஒருமுறை மாற்றினால் அந்த இடத்தின் எல்லாப் பட்டியல்களிலும் மாறிவிடும். குறிப்புகளில் கூட்டைப் பற்றிய வரிகளை நீக்குங்கள். பட்டியலை யாரோடாவது பகிர்ந்திருந்தால் அவர்களுக்குப் போன் செய்யுங்கள், அவர்கள் பெயரில் உள்ள நகலையும் அவர்களே மறைக்க வேண்டும். கடைசியாக அந்த வட்டார வனத்துறை அலுவலகத்துக்கும் ஒரு தகவல் சொல்லிவிடுங்கள், கூட்டம் வரத் தொடங்கினால் அவர்கள்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.